கிழக்குப் பக்கக் கிளைகள்

ஆனிக் காற்று தலைகுந்தாவைத் தாண்டி வருவதற்குள்
முடித்துவிட வேண்டும் என்றேன்.
லூர்து மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை.
முதலில் தரையைப் பார்த்தார்.
வேர் மண்ணைத் தூக்கியிருக்கிறதா என்று
நாலு பக்கமும் குதிகாலால் மிதித்தார்.
பிறகு அடிமரத்தைக் கத்திப்பிடியால் தட்டிவிட்டு
காது வைத்துக் கேட்டார்.

'பாதியா இறக்கிடுங்க' என்றேன்.
ஒரு வருஷமாய்ச் சேர்த்துவைத்த வாக்கியம்.
ராத்திரி கூரைமேல் கிளை உரசும்போதெல்லாம்
போர்வைக்குள் ஒத்திகை பார்த்தது.

'சைப்ரஸ் தேயிலை இல்லீங்க,
கவாத்து பண்ணினதும் துளிர்க்கிறதுக்கு.
பச்சையில்லாத கட்டையில வெட்டினா
அந்த இடம் அப்படியே நின்னுடும்.
தலைய எடுத்தா தண்ணி இறங்கும், உள்ளுக்குள்ள அழுகும்,
பின்னால ஒருநாள் மொத்தமா யார் மேலயாவது வரும்.'
கொஞ்சம் நிறுத்தி,
'காத்துக்கு வழி விட்டாப் போதும். மரம் நிக்கும்.'

எட்டாயிரம் என்றார். ஆறு என்றேன்.
விறகு அவருக்கென்றால் ஆறரை என்றார்.
விறகு யாருக்கு என்று நான் யோசித்ததேயில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏறினார்.
கயிற்றின் மறுமுனை அவர் மனைவி ஜெசிந்தாவிடம்.
ஸ்வெட்டருக்கு மேல் இடுப்பில் துண்டு இறுக்கி
வேலிக்கல்லில் காலை உதைத்து நின்றாள்.
ஆள் கிளைக்குள் மறைந்தபின் பேச்சு கிடையாது.
ஓர் இழுப்பென்றால் விடு.
இரண்டென்றால் பிடி.
மூன்றுக்கு என்ன என்று கேட்டேன்.
'டீ' என்றாள், சிரிக்காமல்.

கிளை விழவில்லை, இறங்கியது,
மாடியிலிருந்து பீரோ இறங்குவதுபோல,
சுவரில் இடிக்காமல்.
அடியில் ஒரு கீறல், மேலே ஓர் அறுப்பு,
கடைசியில் கழுத்து வீக்கத்தைத் தொடாமல்
அதை ஒட்டி ஒரு வட்டம்.
பட்டை கிழியவில்லை.
எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் ஒரு வாசனை
சமையலறைவரை வந்து
பாலில் ஏறிக்கொண்டது.

ஒன்பது மணிக்கு வாள் நின்றது.
மேலிருந்து குரல்:
'அந்த வீட்டுக் கூரையிலயும் நம்ம கிளை விழுந்திருக்கு போலங்க.
பழசு.'
எந்த வீடென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
கிழக்கே ஒரு வீடுதான்.

மாதம்மா. தபால் ஆபீசில் வேலை.
போன ஆடியில் மூன்று நாள் கரண்ட் இல்லாதபோது
மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பியவர்.
அதற்குப் பிறகு கேட்டருகே பார்த்தால்
தலையை மட்டும் அசைப்பார்.
நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்:
வண்டி நிறுத்துகிற இடம், நாய், எங்கள் டிவி சத்தம்.

பத்தரைக்குக் கடைசிக் கிளை இறங்கியதும்
முன்னறைக்குள் வெயில் வந்தது,
வீடு பார்க்க வந்தவன்போலத் தயங்கி.
ஜன்னலில் முதன்முறையாக அவர் கூரை.
ஷீட்டில் ஓர் ஆள் படுக்கிற அளவு ஓட்டை,
அதன்மேல் நீலத் தார்ப்பாய்,
மூன்று மூலையில் மூன்று செங்கல்.
நாலாவது மூலையில்
எங்கள் மரத்தின் கட்டை.

என் மரம் உடைத்ததை
என் மரமே எனக்கு மறைத்துவிட்டதென்று
கொஞ்சநேரம் பழியை அதன்மேல் சாய்த்துப் பார்த்தேன்.
நிற்கவில்லை.

ஜெசிந்தா கயிறு சுருட்டிக்கொண்டிருந்தாள்,
முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாய்.
நான் எட்டாயிரம் நீட்டினேன்.
லூர்து எண்ணிவிட்டு ஆயிரத்தைந்நூறைத் திருப்பினார்.
'பேசினது பேசினதுதான்.'

ஷீட்டு போடுகிற ஆள் தெரியுமா என்றேன்.
'காந்தல்ல சகாயம்னு ஒருத்தர். நம்பர் தர்றேன்.
ஆனா முதல்ல அந்தம்மாவக் கேளுங்க.
அவங்க கூரை.'

வேலி ஓரம் போய் நின்றேன்.
மேற்கிலிருந்து வந்த காற்று
மரத்துக்குள் நுழைந்து மறுபக்கம் போயிற்று.
தார்ப்பாய் ஒருமுறை உப்பி அடங்கியது.
உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
நாலாவதுக்குக் காத்திருக்காமல்
கூப்பிட்டேன்.